கவர்னரைக் காணோம்!

"ஆட்டைத் திருடுறவன், அது தண்ணி குடிக்கிற வாளியையும் எதுக்குத் தூக்கிட்டுப் போறான்?"

மிஸ் யூலாலி டாப்பின் இதைக் கேட்டபோது அவர் வாயில் ஒரு நண்டுக்கால் இருந்தது. இடது கையில் தட்டு. காலியாகக் கிடந்த ஆட்டுப்பட்டியின் நடுவில், புழுக்கையை மிதித்துவிடாமல் தன் பெரிய உடம்பைச் சாமர்த்தியமாக நிறுத்திக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.

"தாகமா இருந்திருக்கும் மிஸ்," என்றேன் நான்.

"யாருக்கு?"

"திருடனுக்குத்தான். வெயில் மண்டையைப் பொளக்குதே."

"ஆல்வின், நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நல்ல டாக்சி டிரைவரைக் கெடுத்துட்டோமேன்னு எனக்கு வருத்தமா இருக்கு."

அது வாஸ்தவம். நான் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன். மிஸ்ஸோ, ஸ்கார்பரோ துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று பேர். ஓய்வு பெற்றதும் மருந்துக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஒரு மழை நாளில் அவரை வண்டியில் ஏற்றினேன், இன்றுவரை இறக்கிவிட முடியவில்லை. என்னால் ஒரு இடத்தில் சும்மா நிற்க முடியாது. அவரால் ஒரு இடத்தை விட்டு நகர முடியாது. தொழில் எப்படியோ ஓடுகிறது.

அன்று ஈஸ்டர் செவ்வாய். பக்கூ கிராமத்தில் ஆட்டுப் பந்தயம். டொபேகோ முழுக்க அங்கேதான் கூடியிருந்தது. டிரினிடாடிலிருந்து கப்பல் பிடித்து வந்த கூட்டம் வேறு. மைதானத்தில் ஸ்டீல் டிரம் அதிர்ந்துகொண்டிருந்தது. மைக்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். சின்ன ஓட்டங்கள் ஒவ்வொன்றாய் முடிந்துகொண்டிருந்தன. வெயில் சாயும்போது கடைசியாகப் பெரிய ஓட்டம். அதில் ஓடவேண்டிய கவர்னரைத்தான் காணோம்.

கவர்னர் என்பது ஆடு. வெள்ளை உடம்பு, கருப்புத் தாடி, யாரையும் மதிக்காத பார்வை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கோப்பை அவருக்குத்தான். இந்த வருஷமும் அடித்துவிட்டால் கோப்பை அவரை வளர்க்கிற வீட்டுக்கே சொந்தம். அவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறக்கிற ஜாக்கி கெஸ்டன், எங்கள் எதிரில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கூப்பிட்டதும் அவன்தான்.

"காலையில நானேதான் மிஸ் கடல்ல நீச்சல் அடிக்க வெச்சு, கூட்டியாந்து பட்டியில விட்டேன். அத்தை கடையில கோக்கோ டீ குடிச்சேன். அசதியில கொஞ்சம் கண்ணசந்துட்டேன். வந்து பாத்தா ஆளைக் காணோம்."

"பட்டிக் கதவு?"

"சாத்தி, கொக்கி போட்டிருந்துச்சு."

"பந்தயக் கயிறு?"

"இதோ, ஆணியில தொங்குது."

"தழைக்கட்டு?"

கெஸ்டன் திரும்பி மூலையைப் பார்த்தான். "அடடே, அதையும் காணோமே!"

மிஸ் நண்டுக்காலை உறிஞ்சி முடித்து, ஓட்டை வேலிக்கு வெளியே எறிந்தார். ஆணியிலிருந்த கயிற்றை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கறி போடறவன் ஆட்டுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போக மாட்டான். எதிராளி கொக்கி போட்டுட்டுப் போக மாட்டான். ஞாபகம் வெச்சுக்கோ ஆல்வின்."

"பாசக்காரத் திருடன்," என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பீர் பாட்டிலோடு போன இரண்டு பேர் நின்றார்கள். "என்ன கெஸ்டன், கவர்னரை ஃபிட்ஸ்ராய்கிட்டத் தள்ளிவிட்டுட்டு இங்க நின்னு நாடகமா போடறே?" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் ஆடு மாதிரி கத்திக் காட்டினான். நான் வேலியைத் தாண்டப் போனேன். மிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கெஸ்டனின் முகம் சுண்டிப்போனது. "நேத்து நான் எதிர் ஆட்டுக்காரர் ஃபிட்ஸ்ராய் அண்ணன்கூட நின்னு பேசினேன். அதை வெச்சு ஊரே கதை கட்டுது. கடைசி ஓட்டத்துக்குக் கூப்பிடும்போது கவர்னர் கேட்டுல நிக்கலைன்னா, நான் ஆட்டை வித்தவன்தான் மிஸ். அதுக்கப்புறம் பக்கூல ஒருத்தன் என்கூட உக்காந்து சோறு திங்க மாட்டான்."

"திம்பாங்க," என்றார் மிஸ். "வா, ஃபிட்ஸ்ராயைப் பாத்துட்டு வருவோம்."

ஃபிட்ஸ்ராயின் பட்டி ஊரின் மறுகோடியில், மேட்டுக்கு மேல். நான் பாதித் தூரம் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடினேன். பின்னால் வருகிறவர்கள் இரண்டு பேரும் ஆமை. மிஸ் ஆமையாக வருவதில் அதிசயமில்லை. தீவிலேயே வேகமாக ஓடுகிற கெஸ்டன், மேட்டின் நடுவில் நின்று, குனிந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"முள்ளு அண்ணே."

"டேய், உன் உள்ளங்கால் என் டாக்சி டயரை விடக் கெட்டி. எந்த முள்ளுடா அதுல ஏறும்?"

"ஏறிடுச்சே, என்ன செய்ய?" என்று சிரித்தான்.

மிஸ் அவன் பக்கத்தில் வந்து நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மெதுவா எடுப்பா. நானும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

அந்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் அவன் காலில் இன்னொரு முள்ளும் ஏறியது. கடிகாரம் மட்டும் எந்த முள்ளுக்கும் நிற்கவில்லை. எனக்குக் கைகால் பரபரத்தது.

ஃபிட்ஸ்ராய் ஒல்லியான ஆள். தலையில் ஓலைத்தொப்பி. தன் கருப்பு ஆட்டுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். மணப்பெண்ணுக்குக்கூட அப்படி யாரும் தலை வாரிவிட்டிருக்க மாட்டார்கள்.

"கவர்னரை எங்க வெச்சிருக்கே ஃபிட்ஸ்ராய்?" என்று மிஸ் நேராகக் கேட்டார்.

"என் வயித்துக்குள்ள. வேணும்னா தட்டிப் பாருங்க."

"தட்டினா ரம்முதான் தளும்பும்," என்றேன் நான்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டு மிஸ்ஸிடம் பொரிந்து தள்ளினார். "ரெண்டு வருஷமா அந்தத் தாடிக்காரன் பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டே என் ஆடு ஓடுது. இந்தத் தடவை அவனை முந்தணும்னு நானும் இவனும் கடலே கதின்னு கிடந்தோம். அவன் வரலைன்னா நான் யாரை ஜெயிக்கிறது? கோப்பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனா ஊர் என்ன சொல்லும்? கவர்னர் வரலை, அதான் ஃபிட்ஸ்ராய் ஜெயிச்சான்னு சொல்லும். நான் சாகுற வரைக்கும் சொல்லும். அவனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இந்த ஆள் பொய் சொல்லவில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவனை விட அவர்தான் அதிகமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இவன்கிட்ட என்ன பேசினே?"

"என்னோட இன்னொரு ஆட்டுக்கு ஜாக்கி இல்ல. பையனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. ஆள் தெரியுமான்னு கேட்டேன்." ஃபிட்ஸ்ராய் கெஸ்டனைப் பார்த்தார். கண் பளிச்சென்றது. "டேய், கவர்னர் கிடைக்கலைன்னா நீயே அதுல ஓடேன். உங்கப்பன் மாதிரியே ஓடுறவன் நீ. முடிவுக் கோட்டைத் தாண்டினதும் சந்தோஷத்துல நெஞ்சு வெடிச்சுச் செத்தான் பாரு, கயிறு கையிலயே இருந்துச்சு. அப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?"

கெஸ்டன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓடறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். "ஏற்கெனவே இவருக்கு வித்துட்டேன்னு பேசறாங்க. இப்ப இவர் ஆட்டுக்கே ஓடினா?"

"ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்க என்னால முடியாது அண்ணே. எந்த ஆடா இருந்தா என்ன? ஓடணும். ஓடலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

இதில் மட்டும் நானும் அவனும் ஒரே ஜாதி. மிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போய் உன் பந்தய டிராயரையும் பனியனையும் மாட்டிக்கிட்டு வா," என்றார்.

வெள்ளை டிராயரும் நம்பர் போட்ட பனியனும் இல்லாமல் எந்த ஜாக்கியையும் கேட்டுக்குள் விட மாட்டார்கள். கெஸ்டனுடைய இரண்டும் அவன் அத்தை டோராவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

காய்ந்துகொண்டிருந்ததாக அவன் சொன்னான். நாங்கள் போய்ப் பார்த்தபோது கொடியில் இரண்டு கிளிப்புகள் மட்டும்தான் இருந்தன.

"அத்தை! என் டிராயர் எங்க?"

டோரா அத்தை அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. கவர்னரின் சொந்தக்காரி அவள்தான். தம்பி மகனைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். நண்டுக் குழம்பையும் மாவுருண்டையையும் அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கடை முன்னால் வரிசை ரோடு வரை நீண்டிருந்தது.

"காத்துல பறந்திருக்கும்."

"காத்தா? எங்க அத்தை காத்து?"

எங்கும் காற்றில்லை. கடைக்கு மேலிருந்த வாதுமை மரத்தில் ஒரு இலை அசையவில்லை. கெஸ்டன் தலையில் அடித்துக்கொண்டு, எவனிடமாவது டிராயர் இரவல் வாங்கப் பறந்தான். பறந்தவன் கடை மூலையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, அப்புறம் போனான்.

மிஸ் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் நண்டு போடு டோரா. ஆமா, உன் ஆடு காணாமப் போச்சே. மைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஊரே தேடுமே?"

"சொன்னா சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் சிரிக்கலையா? உன் மருமவனைப் பாத்து ஆடு மாதிரி கத்தறாங்க."

டோரா அத்தையின் கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஓடியது. "கத்தட்டும். கத்தினா காது வலிக்கும், அவ்வளவுதானே?"

நாங்கள் மரத்தடிக்கு வந்தோம். மிஸ் நண்டைத் தொடவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுவே அபாயச் சங்கு.

"ஆல்வின், ஆட்டுத் திருடனுக்கு டிராயர் எதுக்கு?"

"ஆட்டுக்கு மாட்டி விடுவான். மாறுவேஷம்."

"நாம மத்தியானத்துலேருந்து தப்பான காலை எண்ணிக்கிட்டிருக்கோம்."

"புரியலை மிஸ்."

"குதிரைப் பந்தயத்துல எத்தனை கால் ஓடும்?"

"நாலு."

"இதுல?"

விரல் விட்டு எண்ணினேன். குதிரையில் ஜாக்கி உட்கார்ந்துகொள்வான். இங்கே ஆட்டின் வேகத்துக்கு அவனும் ஓடியாக வேண்டும். கயிறு கையை விட்டால் ஆடு முதலில் வந்தாலும் செல்லாது.

"ஆறு," என்றேன்.

"ஊரே நாலு காலைத் தேடுது. திருடினவங்களுக்குக் கவலை மத்த ரெண்டு காலைப் பத்தி. ஆட்டை ஏன் எடுத்தாங்கன்னு கேக்காதே. ஆடு இல்லைன்னா என்ன நடக்காது? அதைக் கேளு."

நான் கேட்பதற்குள் என் கண்ணில் ஒன்று பட்டது. வரிசையில் அத்தனை பேர் தட்டோடு நிற்க, டோரா அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு பொட்டலத்தையும் செம்பருத்திக் கிளை ஒன்றையும் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற வியாபாரத்தை இப்படி எவளாவது போட்டுவிட்டுப் போவாளா? "மிஸ்!" என்றேன்.

"பாத்துட்டேன். ஓடாதே. நட."

அதுதான் எனக்கு மரண தண்டனை. நடந்தேன்.

கரையில் ஒரு டூரிஸ்ட் கும்பல் புலம்பிக்கொண்டிருந்தது. பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போகிற, அடியில் கண்ணாடி பதித்த படகுகள் எல்லாம் நிரம்பி வழிந்து போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டுச் சும்மா நின்றது. ஹாலிஸின் படகு. சுற்றிலும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. எஞ்சின் ரிப்பேராம். டோரா அத்தை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்ப் பொட்டலத்தை நீட்டினாள். ஹாலிஸ் கையை நீட்டி வாங்கினார்.

படகைச் சுற்றித் தண்ணீரில் மென்று துப்பிய பச்சைத் தழைத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன.

மிஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உடுப்போடு தண்ணீரில் இறங்கினார். அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஹாலிஸ், உன் எஞ்சின் தழை திங்குமா?"

ஹாலிஸ் பொட்டலத்தைத் தவறவிட்டார். நான் ஒரே தாவலில் படகில் ஏறித் தார்ப்பாயை விலக்கினேன்.

கவர்னர் படகின் நடுவில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய வாளி. அடிக்கண்ணாடி வழியாக நீல மீன் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை ரசித்துப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்கிறவன் யார் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஊரே தேடுது, நீர் இங்க உல்லாசப் பயணமா?" என்றேன்.

"சத்தம் போடாதே ஆல்வின்," என்றாள் டோரா அத்தை. "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். யூலா, அந்தப் பெரிய ஓட்டம் முடியற வரைக்கும் விட்டுடு. அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"காலையில எப்படிக் கொண்டாந்தே?"

"ஊர் ஆடெல்லாம் கடலுக்குப் போய் வர்ற நேரம். கூட ஒரு ஆடு நடந்தா யாரு பாக்கறா? அது என் கையில வளந்தது, கத்தாம வந்துச்சு."

"ஆடு இல்லைன்னாலும் கெஸ்டன் வேற ஆட்டுக்கு ஓடிடுவான்னு டிராயரையும் எடுத்தே."

"எடுத்தேன்."

"ஊர் அவனைத் திருடன்னு சொல்லுது டோரா."

"சொல்லட்டுமே!" அவள் கத்தியே விட்டாள். "திருடன்னு சொன்னா கோவிச்சுக்குவான், அழுவான், குடிச்சிட்டு விழுந்து கிடப்பான். மறுநாள் எழுந்திருப்பான். எழுந்திருக்கணும் யூலா, எனக்கு அவ்வளவுதான் வேணும். இவன் அப்பன் எழுந்திருக்கலை. சந்தோஷத்துல செத்தானாம்! ஊர் கதை விடுது. என் தம்பி அந்த வருஷம் பூரா முள்ளு எடுத்தான். மேடு ஏறினா முள்ளு, பட்டிக்குப் போனா முள்ளு. நான் கேலி பண்ணினேன். டயர் மாதிரி காலுல எந்த முள்ளுடா ஏறும்னு கேட்டேன். கோட்டைத் தாண்டினான், விழுந்தான். அன்னைக்கு ராத்திரி குளிப்பாட்டும்போது நான் அந்த ரெண்டு காலையும் தடவித் தடவிப் பாத்தேன். ஒரு முள்ளு இல்ல. ஒரு தழும்பு இல்ல. மூச்சு முட்டி நின்னதை மறைச்சிருக்கான், இப்ப இவனும் அதையேதான் செய்யறான்."

சற்று முன்னால் மேட்டில் நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக் கேலி பண்ணியிருந்தேன்.

"அத்தை."

கரையில் கெஸ்டன் நின்றுகொண்டிருந்தான். எவனோ ஒரு தடியனின் வெள்ளை டிராயர், இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அப்பா இல்ல. ஆட்டைக் குடுங்க. கேட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

மைதானத்திலிருந்து மைக்காரனின் குரல் கடல் மேல் மிதந்து வந்தது. கடைசி ஓட்டம். ஆடுகள் வரலாம்.

"ஆடு கிடைச்சாச்சு," என்றார் மிஸ். "நீ சொன்ன வேலையை நான் முடிச்சுட்டேன். இனி அது உன் பாடு." கைப்பையைத் திறந்து பந்தயக் கயிற்றை எடுத்தார்.

"யூலா!" என்று டோரா அத்தை அலறினாள்.

"ஒண்ணே ஒண்ணு கெஸ்டன். இங்கேருந்து மைதானம் வரைக்கும் மேடுதான். ஓட வேண்டாம். சும்மா நட. நடுவுல முள்ளு எடுக்க நிக்காமப் போயிட்டேன்னா, நானே உனக்குக் கேட்டைத் திறந்து விடறேன்."

கவர்னரை நான் தண்ணீரில் இறக்கினேன். அவர் நீந்திக் கரையேறி, உடம்பை உதறி, நேராகக் கெஸ்டனிடம் போய் நின்றார். கெஸ்டன் கயிற்றைக் கட்டினான். ஆடும் அவனும் மேட்டில் ஏறினார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனோம். முதலில் விறைப்பாகத்தான் நடந்தான். ஒரு தென்னை தாண்டினான். இன்னொன்று தாண்டினான். டோரா அத்தை என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு ரத்தம் கட்டிப்போயிருக்கும்.

நின்றான். குனிந்தான். ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலில் கை வைத்தான்.

ஆடு திரும்பி அவனைப் பார்த்தது.

கெஸ்டன் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தான். அப்படியே மணலில் உட்கார்ந்தான். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"முள்ளு இல்ல அத்தை," என்றான்.

டோரா அத்தை ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். எப்போதிலிருந்து என்று மிஸ் கேட்டார். கிறிஸ்துமஸிலிருந்து என்றான். டாக்டரிடம் போனால் ஓடாதே என்று சொல்லிவிடுவாரோ என்று போகவில்லையாம். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. மைக் மறுபடி கூப்பிட்டது.

"கவர்னர் கேட்டுக்குப் போகலைன்னா என் பேரு போயிடும் மிஸ்," என்றான் கெஸ்டன். "ஆட்டை வித்தவன்னுதான் சொல்லுவாங்க."

"கவர்னர் போவாரு. யார் ஓடணும்னு சொல்றது ஆட்டுக்குச் சொந்தக்காரிதானே? டோரா, யாரு?"

மூன்று பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். தாடிக்காரரும் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் டாக்சி டிரைவர்!"

"உன்னாலதான் ஒரு இடத்துல நிக்க முடியாதே," என்றார் மிஸ். டோரா அத்தை அழுதுகொண்டே ஏப்ரனுக்குள்ளிருந்து கெஸ்டனின் டிராயரையும் பனியனையும் எடுத்து என் மேல் போட்டாள்.

கேட்டுக்குப் போனதும் கெஸ்டன் ஒரு காரியம் செய்தான். மைக்காரனிடமிருந்து மைக்கை வாங்கினான். "கவர்னரை யாரும் விக்கலை. எனக்கு நெஞ்சு சரியில்ல. அப்பாவுக்கு இருந்த மாதிரி. அதனாலதான் நான் இன்னைக்கு ஓடலை," என்றான். அவ்வளவுதான். அவன் ஓடின எந்த ஓட்டத்தை விடவும் அது கஷ்டமான ஓட்டம். ஸ்டீல் டிரம்கள் நின்றுபோயின. ஃபிட்ஸ்ராய் ஓலைத்தொப்பியைக் கழற்றினார். ஆடு மாதிரி கத்தின அந்த ஆள் பீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, வேலியோரத்தில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி வந்து கெஸ்டனுக்குப் போட்டான். நாளை காலையில் முதல் சவாரி டாக்டர் வீட்டுக்கு, வண்டி என்னுடையது என்று நான் அவனிடம் சொல்லிவைத்தேன்.

ஜாக்கிகள் மாதிரியே வெறுங்காலோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட் திறந்தது.

பாதி தூரம் கவர்னர்தான் முன்னால். நான் ஓடினேன் என்று சொன்னால் பொய். இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் ஒரே அலறல். அப்போது அவருக்கு என்ன தோன்றியதோ, திரும்பி யார் கயிற்றைப் பிடித்திருப்பது என்று பார்த்தார். பிடிக்கவில்லை. சட்டென்று பாதையை விட்டு விலகி, நேராக வேலியோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கெஸ்டனிடம் போய் மூஞ்சியை அவன் மடியில் வைத்துக்கொண்டார். நான் கயிற்றை விடாமல் முகம் குப்புற அவர்கள் இருவர் காலடியிலும் போய் விழுந்தேன். ஃபிட்ஸ்ராயின் கருப்பு ஆடு கோட்டைத் தாண்டியது.

ஃபிட்ஸ்ராய் கோப்பையோடு வந்து என்னைத் திட்டினார். "இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? நல்ல ஜாக்கியாப் பாத்துப் போட்டு அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கடா அந்தத் தாடிக்காரனை!"

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். உள்ளங்காலில் சுருக்கென்றது. "ஐயோ!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கெஸ்டன் நாற்காலியிலிருந்து குனிந்து என் காலைப் பிடித்துத் தூக்கினான். வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தான். நகத்தால் பிடித்து, வெடுக்கென்று பிடுங்கி, என் மூக்கு நுனிக்கு முன்னால் காட்டினான். நல்ல நீளம்.

"அண்ணே," என்றான், "முள்ளுன்னா இதுதான்."

டோரா அத்தை முதலில் சிரித்தாள். அப்புறம் அவனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.